ஒருக்கா அமுக்கினால் போதும்

என்னிடம் இரண்டு குறைகள் உண்டு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காது. தனியாக விட்டால் கை சும்மா இருக்காது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். இரண்டும் சேர்ந்த ஒரு பொம்பளையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பூனாவின் ஹடப்சரில் ஒரு ஆபீஸ் கண்ணால் பார்த்தது.

நான் அஞ்சாவதோடு நின்றவள். மகன் செந்திலுக்குப் பூனாவில் வேலை கிடைத்ததும், கோயமுத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு அங்கே கோந்த்வாவுக்கு வந்தேன். அவனுக்குப் பொள்ளாச்சியில் பெண் எடுத்தோம். மருமகள் கவிதாவுக்கு ஹடப்சரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிது என்பதால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை நினைத்து நினைத்தே அந்தப் பெண் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு விநாயகர் கரைக்கும் நாள். ஊருக்கே லீவு. கவிதாவுக்கு மட்டும் வேலை. ஆபீஸில் ஒரு பெரிய மிஷின் உண்டு. கடையில் கிடைக்கிற சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. நிறையப் பணம் கொடுத்து, உள்ளே ஓடுகிற யூனிக்ஸையும் மிஷின் செய்தவர்களிடமே வாங்கியது. அதில் பெர்ல் என்று ஒன்று, புரோகிராம்களை ஓட்டுவது, பழசாக இருந்தது; அதில் புதுசை ஏற்ற வேண்டும். வெளிநாட்டுக்காரர்களின் வேலை ஒன்று மறுநாள் காலையில் அதை வைத்துத்தான் ஓட வேண்டும். வாரநாளில் மிஷினைத் தொட விடமாட்டார்கள். ஆக, அன்றைக்கு விட்டால் கிடையாது.

"நாளைக்கு ஓடுலீன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்கத்தை" என்றாள்.

வெளியூர் போயிருந்த செந்தில் போனில், லீவு நாளில் யாருமில்லாத ஆபீஸுக்குத் தனியாகப் போகாதே, அம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போ என்றான். (எனக்கே ஒரு துணை வேண்டும். அது அவனுக்குத் தோன்றவில்லை.) புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஸ்கூட்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, கண்ணை மூடியபடி ஹடப்சர் போய்ச் சேர்ந்தேன்.

அந்த மிஷினுக்குத் தனி ரூம். கண்ணாடிக் கதவு. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். உள்ளே போகவும் அட்டை, வெளியே வரவும் அட்டை. உள்ளே மார்கழிக் குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு சுழல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். அது திரும்பிக்கொண்டே இருந்தது. நேராக உட்கார்ந்தால் சுவர், கொஞ்சம் அசைந்தால் கதவு. நறுக்க ஒரு வெண்டைக்காய்கூட இல்லை. துடைக்கலாம் என்றால் தூசியும் இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், சோற்று டப்பாவைத் திறந்து பார்த்து மூடினேன், மறுபடி திறந்து பார்த்தேன்.

என் அலைச்சலைப் பார்த்துவிட்டுக் கவிதாவே பேச்சுக் கொடுத்தாள். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். மற்ற மிஷினுக்கெல்லாம் ஆட்டிய மாவு கிடைக்கும். இந்த மிஷினுக்கு அந்த மாவு ஒத்துக்கொள்ளாது. அரிசியை வாங்கி வந்து இங்கேயே ஆட்ட வேண்டும். மிஷினோடு கொடுத்த கல்லோ ஒப்புக்கு வைத்தது. நல்ல கல் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். இவள் எங்கேயோ இலவசமாகக் கிடைக்கிற கல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்திருந்தாள். ஆட்டுவதற்கு முன்னால் மிஷின் உன் கல் எங்கே, தண்ணீர் எங்கே, பாத்திரம் எங்கே என்று கேள்வியாகக் கேட்குமாம்.

"கேள்விக்குப் பக்கத்துலயே பதிலையும் அதுவே எழுதி வெச்சிருக்குமுங்க. சரின்னா இந்தப் பொத்தானை அமுக்கோணும்."

"பதில் தெரிஞ்சுட்டு எதுக்குக் கண்ணு கேக்குது?"

"உங்க மகன் கேக்கறதில்லீங்களா? எனக்குச் சினிமா போற மாதிரி இல்ல, உனக்கும் அப்பிடித்தானேன்னு."

அப்போது வாட்ச்மேன் ஓடி வந்தார். தெருவின் கணபதி லாரி வாசலில் நிற்கிறது, ஸ்கூட்டி குறுக்கே இருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார். கவிதா மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அது நின்னு கேட்டுச்சுன்னா ஒருக்கா அமுக்குங்க. ஒரு கேள்விக்கு ஒருக்கா. கடைசிக்கு முன்னால ஒரு கேள்வி வருமுங்க, புதுசு வந்து பழசோட நாற்காலியிலயும் உக்காந்துக்கட்டுமான்னு. அதுக்கு மட்டும் வேண்டாம்னு நான் சொல்லோணும். இங்க இருக்கற புரோகிராமெல்லாம் பழசைத்தான் நம்பியிருக்குது. அது வரதுக்குள்ள ஓடி வந்தர்றேன்."

லாரி கேட்டுக்கும் ஸ்கூட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டோல் மேளம் அடிப்பவர்கள் அங்கேயே நின்று ஆடத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடி அதிர்ந்தது. கவிதா வரவில்லை.

முதலில் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். எழுத்து ஓடி நிற்கும். நான் ஒரு விரலால், முருகா என்று ஒருக்கா அமுக்குவேன். மறுபடி ஓடும். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வாயைத் திறக்காமல் இத்தனை கேள்விக்குப் பதில் சொல்வது என் சுபாவத்துக்கு ஏற்ற வேலைதான்.

பிறகு ஓரிடத்தில் நின்றது. அமுக்கினேன். நகரவில்லை. விரல் சரியாகப் படவில்லையோ என்று கொஞ்சம் அழுத்தி அமுக்கினேன். அசையவில்லை. (அது உள்ளே எதையோ சோதித்துக்கொண்டிருந்ததாம். சொன்னால்தானே தெரியும்.) கோபித்துக்கொண்டதோ, நான் கெடுத்துவிட்டேனோ, மருமகள் வேலை போய்விட்டதோ என்று பயந்தேன். வெளியே மேளச் சத்தம். அந்தத் தாளத்துக்கு என் விரலும் சேர்ந்துகொண்டது. முருகா, முருகா, முருகா. கதவைத் திறக்காத வீட்டின் வாசலில் நின்று தட்டுவது போலத் தட்டினேன்.

அந்த மிஷின் நான் அமுக்கியதையெல்லாம் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தது. திடீரென்று அதற்கு உயிர் வந்தது. கேள்வி வரும், போகும், வரும், போகும். நிற்கவே இல்லை. படிக்கத் தெரிந்தவளாக இருந்தாலும் படித்திருக்க முடியாது. கவிதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கேள்விகள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தன.

"அத்தை, நடுவுல ஏதாவது கேட்டுச்சுங்களா?"

"நெறயக் கேட்டுச்சு கண்ணு. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டேன்."

அவள் திரையை மேலே கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். பழசின் நாற்காலியைப் பற்றி ஒரு கேள்வியும் கண்ணில் படவில்லை. இந்த மிஷினில் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆட்டப் போட்டாள். அது மெதுவாக ஆட்டியது. நாங்கள் வெளி ஹாலில் புளிச்சோறு சாப்பிட்டோம். குளிர் தாங்காமல் வாட்ச்மேன் கொடுத்த டீயை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

திரும்ப உள்ளே போனோம். ஆட்டி முடிந்திருந்தது. கவிதா அதை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். வெளிநாட்டுக்காரர்களின் வேலையை ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். கிளம்பலாம் என்று அட்டையைக் காட்டினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு. வெளியிலிருந்து வாட்ச்மேன் தன் அட்டையைக் காட்டினார். அதுவும் சிவப்பு.

கவிதா மிஷினிடம் ஓடி என்னவோ தட்டிப் பார்த்தாள். "அத்தை, அது கேட்டிருக்குது. நீங்க உக்காந்துக்கோன்னு சொல்லிட்டீங்க" என்றாள். புதுசு பழசின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பழசு இருந்த இடம் தெரியவில்லை. இந்தக் கதவைத் திறக்கிற புரோகிராம் பழசுக்காக எழுதியது. எழுதியவர் அவளுடைய பெரிய சார். அவர்தான் அவள் வேலையை நிரந்தரமாக்க வேண்டியவர்.

அவருக்குப் போன் பண்ணு என்றேன். பண்ணினால் வேலை போய்விடும் என்றாள். பண்ணாவிட்டால் எனக்கு வேறொன்று போய்விடும் என்று சொல்ல முடியவில்லை. பாத்ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. உள்ளேயோ ஐஸ்பெட்டிக் குளிர், குடித்ததோ இரண்டு டீ. நான் அந்த ரூமை நடந்தே அளந்தேன். கவிதா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, கால் மரத்துவிட்டது என்றேன். (மருமகளிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டவள் நான்.)

அதற்குள் வாட்ச்மேன் தானாகவே பெரிய சாருக்குப் போன் போட்டுவிட்டார். ஊர்வலத்திலிருந்து நேராக வந்தார் மனிதர். தலையில் காவிப் பாகை, வெள்ளை ஜிப்பா, மீசை முதல் காது வரை ஊர்வலத்தில் தூவுகிற குலால் பொடியின் சிவப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கைவைத்து நின்றார். கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கவிதா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் எழுதியதை வரி வரியாகப் படித்துக்கொண்டே போனாள்.

கடைசியில் ஒரு வரியில் விரல் வைத்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் தனக்கு ஒரு மெயில் வரும்படி எழுதி வைத்திருந்தார். அந்த மெயில் முகவரியின் நடுவில் ஜிலேபி மாதிரி ஒரு எழுத்து. பழசு அதைச் சும்மா விட்டுவிடுமாம். புதுசுக்கு அதைக் கண்டால் ஆகாதாம். ஜிலேபிக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு போட்டாள். அட்டையைக் காட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

பெரிய சார் உள்ளே ஒரு அடி வைத்தார். வயதில் மூத்தவளைக் கண்டதும், நல்ல மனிதர், "நமஸ்கார் ஆஜி", வணக்கம் பாட்டி, என்று சொல்லிக் காலைத் தொடக் குனிந்தார். கால் அங்கே இல்லை. அவர் குனிந்த இடைவெளியில் நான் அவரை இடித்துக்கொண்டு ஓடிவிட்டேன். பாகை கீழே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

முகம் கழுவித் திரும்பி வரும்போதுதான் என் தோளெல்லாம் குலால் என்று பார்த்தேன். உள்ளே அவர் இங்கிலீஷில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். கவிதா தலையைக் குனிந்துகொண்டு தப்பு என்னுதுதான் என்கிற மாதிரி நின்றாள். என் பேச்சை அவள் எடுக்கவே இல்லை என்பது மொழி தெரியாமலே புரிந்தது.

பூனாவில் காய்கறிக்காரரிடம்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன். அன்றைக்கு வாய் திறந்தது. எங்கிருந்து வந்ததோ ஹிந்தி.

"மைனே தபாயா" என்றேன், பொத்தானைக் காட்டி. நான்தான் அமுக்கினேன் என்று.

அவர் திரும்பினார். "கித்னி பார், ஆஜி?" எத்தனை தடவை?

யோசித்தேன். பொய் சொல்லத் தெரியவில்லை. "பஹுத்" என்றேன். நிறைய என்று. "பஹுத் தபாயா."

மீசை முதலில் ஆடியது. பிறகு மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது திரும்பிக்கொண்டுபோனதால் விழப் பார்த்தார். பழைய புரோகிராம்களையெல்லாம் என்றைக்காவது மாற்றித்தான் ஆக வேண்டும், தொட்டால் உடையும் என்று நானே பயந்து தள்ளிப்போட்டேன் என்று கவிதாவிடம் சொன்னாராம். அன்றைக்கு இருட்டும்வரை இருவரும் உட்கார்ந்து ஜிலேபிக்கெல்லாம் கோடு போட்டார்கள். பொத்தான்களின் மேல் குலால் உதிர்ந்தது. நான் ஹாலில், என் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அதன்மேல் சோற்று டப்பாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எல்லாம் ஓடியது. அந்த மாசமே கவிதாவின் வேலையும் நிரந்தரமானது. செய்தி சொல்ல வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு, சார் ஆஜியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், ஆனால் ஆபீஸுக்குக் கூட்டிவர வேண்டாம் என்றாராம் என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு கூடினால் செந்தில் கேட்பது, "பஹுத் தபாயாவா, அம்மா?" பேத்திக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் இதை மட்டும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்.

போன வாரம் கடைக்குப் போய்விட்டு வந்து கீழே லிஃப்ட்டுக்காக நின்றேன். பட்டனை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். வரவில்லை. நின்றேன். பாலும் தயிரும் பையில் வெதுவெதுப்பாகிற வரைக்கும் நின்றேன். ஆபீஸிலிருந்து வந்த கவிதா என்னைப் பார்த்தாள். மேலே மூன்றாம் மாடியில் யாரோ லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போயிருந்தார்கள்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க? இன்னொருக்கா அமுக்கிப் பாத்திருக்கலாமில்லீங்களா அத்தை?"

"எதுக்குக் கண்ணு," என்றேன், "அது எண்ணிட்டிருந்தா?"