நிப்பாட்டி மேஸ்திரியின் முக்காலி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை, யாரோ சிரித்தார் என்பதற்காகக் கெடுத்தவன் நான். எழுபதுகளில் நடந்த கதை. மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய வண்டி அது. எங்கள் ஊர் முதலமடை மாந்தோப்புகளில் என்னைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டது. அதை மலைமேல் இருக்கும் வட்டவடைக்கு ஓட்டிப் போனபோதுதான் வழியிலிருந்த கல்லெல்லாம் அடிவயிற்றில் உரசியது. அங்கே பூண்டு பயிரிடும் நண்பர் பார்த்துவிட்டு, “என்ன மொதலாளி, உங்க ஜீப்பு இன்னும் தவழுதே, எப்ப நடக்கும்?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்து நடக்கும் ஜீப்பில் வருகிறேன் என்று சபதம் போட்டுவிட்டு இறங்கினேன். ஊர் வந்ததும் ஒரு அளவு பெரிய சக்கரங்கள் நான்கை வாங்கிக்கொண்டு நிப்பாட்டி மேஸ்திரியிடம் போனேன்.

உலகத்து மெக்கானிக்குகள் எல்லோரும் வண்டியை ஓட வைக்கப் பிறந்தவர்கள். நிறுத்துவதற்கென்றே பிறந்தவர் இவர் ஒருவர்தான். எஞ்சின் மேல் அவருக்குத் துளி மரியாதை கிடையாது. “ஓடறது ஒரு காரியமுங்களா? பாறாங்கல்லை உருட்டி உட்டாக்கூட ஓடும். நிக்கோணுமுங்க!”

பஸ்ஸில் ஏறினால், உட்காருவதற்கு முன் கண்டக்டரிடம், “ஒருக்கா நிறுத்திக் காட்டுங்க” என்பார்.

“இப்ப நின்னுட்டுத்தானய்யா இருக்குது?”

“இது நிக்கறது இல்லீங்க. இன்னும் பொறப்படாதது.”

கல்யாணப் பந்தியில்கூட, இலைக்கு முன் கை காட்டியதும் சாம்பார் வாளிக்காரர் நிறுத்துகிறாரா என்றுதான் கவனிப்பார். சாம்பாரின் ருசி அவருக்கு இரண்டாம்பட்சம்.

என் சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்தார். “பிரேக் டிரம்மும் பெருசா வாங்கியாந்தீங்களா?” சக்கரத்துக்குள் இருக்கும் அந்த டிரம்மை உரசிப் பிடித்துத்தான் பிரேக் வண்டியை நிறுத்தும்.

“சக்கரம் மட்டும் மாத்துனாப் போதும் மேஸ்திரி. பிரேக் நல்லாத்தான இருக்குது?”

“கட்டை வண்டிச் சக்கரம் உருளறப்ப அச்சுக்கிட்டப் புடிச்சு நிறுத்திப் பாருங்க. அப்புறம் ஓரத்துல புடிச்சுப் பாருங்க. எது சுலுவு?”

“ஓரத்துல.”

“அதேதானுங்க. சக்கரம் பெருசானா, பிரேக்கும் அச்சை உட்டுத் தள்ளிப் போய்ப் புடிக்கோணும். இந்த டிரம்மு அந்தச் சக்கரத்தைப் புடிக்கறது, ஆனையோட வாலைப் புடிச்சு நிறுத்தற மாதிரிங்க.”

பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பாடம் ஜீப்புக்கும் பொருந்தும் என்று வாத்தியார் சொல்லவில்லை. பெரிய டிரம் கோயமுத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார் மேஸ்திரி. ஞாயிறு தவறினால் மானம் போய்விடும் என்றேன் நான்.

“மலை ஏறிருவீங்க. எறங்கறது?”

“மெதுவா எறங்கிக்கறேன்.”

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. “சரிங்க, நாளைக்கு வாங்க. ஆனா வழக்கம் வழக்கந்தான்.”

அந்த வழக்கம் சுற்று வட்டாரத்துக்கே தெரியும். பட்டறைக்கு முன்னால் ஒரு சரிவு. அதன் அடியில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் முக்காலி போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிப்பார் மேஸ்திரி. உரிமையாளர் மேலிருந்து ஓட்டி வந்து கோட்டில் நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் வண்டி கைக்கு வரும். முகத்தைக் காட்டி உட்காரக் கூடாதா என்று கேட்டால், “எம் மூஞ்சியைப் பாத்தா உங்களுக்குக் கை நடுங்குமுங்க” என்பார். முதுகைப் பார்த்தால் எனக்குக் காலும் சேர்ந்து நடுங்கியது.

மறுநாள் சரிவில் இறங்கினேன். பாதி வழியில் பிரேக்கை மிதித்தேன். ஜீப் சற்று யோசித்தது. பிறகு தன் வழியே போனது. இரண்டு காலாலும் ஏறி நின்றேன். கைபிரேக்கைப் பிடுங்கும் அளவுக்கு இழுத்தேன். “மேஸ்திரி, எந்திரிங்க!” என்று அலறினேன். முதுகு அசையவில்லை, டீ கிளாஸ் மட்டும் உதட்டுக்குப் போனது. இடப்பக்கம் ஒடித்தேன். பெரிய சக்கரம் மட்கார்டில் முட்டி மறுத்தது. வலப்பக்கம் ஒடித்தேன். ஜீப் கோட்டைத் தாண்டி, முக்காலியை ஒரு முழத்தில் விட்டு, வைக்கோல் குவியலுக்குள் புகுந்து நின்றது.

மேஸ்திரி திரும்பாமலே கேட்டார். “டிரம்முக்குச் சொல்லி உட்டறட்டுங்களா?”

தலையில் வைக்கோலோடு, “சொல்லுங்க” என்றேன்.

வட்டவடைக்கு இரண்டு வாரம் தாமதமாகப் போனேன். திரும்பும்போது கிடுகிடுவென்று இறங்கிய ஒவ்வொரு வளைவிலும் ஜீப் சொன்ன இடத்தில் நின்றது. பழைய டிரம்மோடு வந்திருந்தால் முதல் வளைவிலேயே என்ன ஆகியிருக்கும் என்பதைப் பள்ளத்தை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் ஊரில் நான் பரப்பிய கதை வேறு. கண நேரத்தில் லாவகமாக ஒடித்து மேஸ்திரியின் உயிரைக் காப்பாற்றிய கதை. டீக்கடையில் அவரை வைத்துக்கொண்டே சொல்வேன். “ஆமாங்க, இவருதான் காப்பாத்துனாரு” என்று பவ்வியமாகத் தலையாட்டுவார்.

மூன்று வருடம் கழித்து, அவர் இல்லாத நேரத்தில் பட்டறைக்குப் போன நான், அவர் மனைவியிடமும் அதை விஸ்தாரமாகச் சொன்னேன். அந்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“காப்பாத்துனீங்களா? அந்த வைக்கோலை அன்னிக்குக் காலையில என்னையத்தானுங்க சொமந்து போடச் சொன்னாரு. ‘வண்டி நிக்காது, இந்தப் பக்கந்தான் ஒடிக்க முடியும், அடிபடாம உழுகட்டும்’னாரு. போட்டுட்டுத் திரும்புனா, ‘இன்னும் ரெண்டு கட்டுப் போடு புள்ள, அவரு ஓட்டறதை நான் பாத்திருக்கறேன்’னாருங்க.”