கழுத்து வரைக்கும் பெட்ரோல்

விழுப்புரம் மாவட்டத்தில் பெட்ரோலை அவரைப்போல மரியாதையாக நடத்திய இன்னொரு மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறப்பதற்கும் அறிகுறி தெரியவில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். ‘கழுத்துவரை’ என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்த பங்க்குக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “கழுத்து வரைக்கும் ஊத்துப்பா” என்பார். அதனால் வந்த பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். குடியிருந்தது விழுப்புரத்தில், என் வீட்டுக்கு எதிர்வீடு. தலை நரைக்கும்வரை ஒரு பழைய ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் பிடித்து மண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சினிமா கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. “இந்த மனுசன் தனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்ல” என்று அவர் மனைவி மேரி அக்கா தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவந்தார். அந்தப் பெருமை சூடு ஆறுவதற்குள் ஒருநாள் மனுசன் புதுச்சேரிக்குப் போய் ஓர் அமெரிக்க மசில் காரோடு திரும்பி வந்தார்.

மசில் கார் என்பது நீண்ட மூக்கும் குட்டையான பின்பக்கமும் கொண்ட ஒரு வாகனம். எட்டு சிலிண்டர், நானூறு குதிரை சக்தி. இவருடையது நல்ல சிவப்பு. வைத்திருந்தவர் பிரான்ஸுக்குக் குடிபோகிற அவசரத்தில் விற்றாராம். வண்டியை ஸ்டார்ட் செய்தால் தெருவில் நிற்கிற பைக்குகளெல்லாம் தாமாக அலாரம் அடிக்கும். அதனால் தினமும் காலையில் என் வீட்டைப் பார்த்து, “தம்பி, ஸ்டார்ட் பண்றேன்” என்று அறிவித்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார்.

நானும் அப்போது திண்டிவனத்தில்தான் வேலை பார்த்தேன். “ரயில்ல இன்னாத்துக்கு நசுங்கிக்கினு போற? நம்ம வண்டியில வா தம்பி” என்றார். நானூறு குதிரை என்றதும் நானும் ஆசையாக ஏறி, பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, நெடுஞ்சாலை வந்ததும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேகமுள் அறுபத்தைந்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. திண்டிவனம் வரும்வரை அது எழுந்திருக்கவே இல்லை.

ஏசி போடமாட்டார், அது பெட்ரோல் குடிக்கும். கண்ணாடியையும் இறக்கக்கூடாது, காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும். செருப்பை வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். விக்கிரவாண்டிப் பக்கம் வருவதற்குள் நான் வேர்வையில் குளித்திருப்பேன். மொபெட்டில் போகிற புருஷன் பெண்டாட்டி எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை கரும்பு ஏற்றிய டிராக்டர்காரர், ‘முந்திக்கொண்டு போங்கள்’ என்று கையைக் காட்டினார். இவர், ‘பரவாயில்லை, நீங்கள் போங்கள்’ என்று பதிலுக்குக் கையைக் காட்டினார்.

“ஏண்ணே, தாண்டிப் போலாமே?”

“இன்னாத்துக்கு? அந்தக் கரும்பும் நம்ம டேங்குக்குத்தாண்டா வந்துகினு இருக்குது” என்றார். பெட்ரோலில் கரும்பிலிருந்து எடுக்கிற எத்தனாலைக் கலக்கிறார்கள் அல்லவா, அதைச் சொன்னார். அந்தக் கலப்பு வந்த பிறகு வண்டி லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைத்துக் கொடுக்கிறது என்பது அவருடைய தீராத மனக்குறை. கரும்பு டிராக்டரைக் கண்டால் லேசாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வண்டியின் அடிவயிறு தாழ்வு. வேகத்தடை வந்தால் நான் இறங்கி நடந்து, தடைக்கு அந்தப் பக்கம் போய்க் காத்திருந்து மறுபடி ஏற வேண்டும். எங்கள் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போவதற்குள் நான் காரில் போன தூரத்தைவிட நடந்த தூரம் அதிகம்.

பெட்ரோல் விஷயத்தில் அவர் செய்யாத ஆராய்ச்சி இல்லை. ஒரு டேங்க் சாதாரண பெட்ரோல், அடுத்த டேங்க் உசத்தி ரக பெட்ரோல், அதற்கடுத்தது இரண்டும் பாதிப் பாதி. உசத்தி ரகத்தைப் போட்டால் வண்டி பறக்கும் என்று பங்க்கில் ஒரு பையன் சொல்லப்போக, அவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பாடமே நடத்திவிட்டார். “நம்பர் ஏறினா மைலேஜ் ஏறும்னு எவன்பா சொன்னான்? இன்ஜின் உள்ள தட்டாம இருக்கும், அவ்ளோதான். மைலேஜு காலுல இருக்குது.” அப்படிச் சொல்லி வெறுங்காலைத் தூக்கிக் காட்டினார். பையன் பயபக்தியோடு பார்த்தான்.

காலையில்தான் போடுவார், வெயில் ஏறினால் பெட்ரோல் உப்பிவிடும். பங்க்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் போடவே மாட்டார். அடியிலிருக்கிற கசடு கிளம்பியிருக்கும், தெளியும்வரை காத்திருப்பார். போடும்போது வண்டியை இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கச் சொல்வார். அது மண்டிப் பழக்கம். மல்லாட்டையை மூட்டை கட்டும்போது கோணியைக் குலுக்கிக் குலுக்கித்தான் நிரப்புவார்கள். இல்லாவிட்டால் உள்ளே பாதி காற்றுதான் இருக்கும். டேங்க்கும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. பம்ப் ‘டக்’கென்று தானாக நின்ற பிறகும், நாங்கள் குலுக்கக் குலுக்க, அவர் சொட்டுச் சொட்டாகக் கழுத்து வரைக்கும் ஊற்றவைப்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள்.

இவ்வளவையும் மேரி அக்கா பொறுத்துக்கொண்டார். வானூரில் அவருடைய தம்பி கட்டிய புது வீட்டுக்கு, சர்ச் சாமியார் வந்து ஜெபிக்கிற மந்திரிப்பு நடந்த அன்றுதான் பொறுமை போனது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு என்பதால், முதலில் அங்கே போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வானூருக்குத் திரும்பலாம் என்று இவர் கிளம்பினார். போன பங்க்கில் டேங்கர் லாரி நின்றது. கசடு தெளியக் காத்திருந்தார்கள். தெளிந்து, குலுக்கி, நிரப்பி, அறுபத்தைந்தில் உருண்டு வானூர் போய்ச் சேர்ந்தபோது சாமியார் வீட்டை மந்திரித்துவிட்டுக் கிளம்பியிருந்தார். பிரியாணி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்துக்கொண்டு மேரி அக்கா தீர்ப்புச் சொன்னார். “என் கூடப்பொறந்தவன் வீட்டு மந்திரிப்புக்குப் பாத்திரம் கழுவுற நேரத்துக்குப் போறோம். இனிமே இந்தப் பேஜாரு நமக்கு வாணாம். இவ்ளோ பாடுபட்டு இந்த வண்டி லிட்டருக்குப் பத்தாவது குடுக்குதா? குடுத்தா வச்சிக்கோங்க. குடுக்கலன்னா வித்துடணும்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே பொருள். இருந்தாலும் அளவு என்று வந்துவிட்டால் அவர் மறுத்துப் பேசுகிறவர் இல்லை. “சரி மேரி. தம்பி சாட்சி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூவரும் கிளம்பினோம். நான் பின்சீட்டில். மசில் காரின் பின்சீட் மனிதர்களுக்காகச் செய்ததல்ல. முழங்கால் தாடையைத் தொட, அப்படியே மடங்கிக் கிடந்தேன். விழுப்புரம் பங்க்கில் கழுத்து வரைக்கும் பெட்ரோல். திண்டிவனம் போய்த் திரும்பி வந்து, அதே பம்ப்பில் மறுபடி கழுத்து வரைக்கும் ஊற்ற வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் குடித்தது என்று அர்த்தம். கணக்கில் சிக்கல் ஏதுமில்லை.

அன்றைக்கு அவர் ஓட்டியதைப் போல ஒருவர் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. கட்டைவிரல் நுனியால் பெடலைத் தொட்டுக்கொண்டிருந்தார். பிரேக் போடக்கூடாதென்று தூரத்தில் மாடு தெரியும்போதே மாதாவை வேண்ட ஆரம்பித்தார். மேம்பாலம் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தடவி, “கொஞ்சமா குடிம்மா, கொஞ்சமா குடி” என்று கெஞ்சினார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. கையை எடுத்துத் துடைக்கவில்லை. மேரி அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு போகும்போது சாலையைப் பார்த்தார். வரும்போது அவரையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பி பங்க்குக்கு வந்தோம். நான் சீட்டிலிருந்து என்னை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பம்ப் ‘டக்’கென்று நின்றது. ஏழரை லிட்டர். ஓடியது எழுபத்தெட்டு கிலோமீட்டர். பத்தைத் தாண்டிவிட்டது.

“போதும்ப்பா, மூடு” என்றார் மேரி அக்கா. பங்க் பையனும் குழாயை உருவப்போனான்.

கழுத்துவரை நகரவில்லை. பம்ப்பைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருந்தால் வண்டி அவருடையது.

“மேரி, இன்னும் குலுக்கலியே” என்றார்.

“பரவால்ல, வாங்க போலாம்.”

“போவும்போது குலுக்கித்தான ஊத்தனோம்? வரும்போதும் அப்படித்தான ஊத்தணும்?”

“நாந்தான் போதும்னு சொல்றேன்ல?”

அவர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வண்டியைத் தன் கையாலேயே குலுக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நானும் அந்தப் பக்கம் பிடித்தேன். பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருந்தது. கழுத்தைத் தொட்டபோது எட்டேகால் லிட்டர். லிட்டருக்கு ஒன்பதரைகூட வரவில்லை.

சாவியை எடுத்து மேரி அக்கா கையில் வைத்தார். மேரி அக்கா அதை வாங்கிக்கொண்டு, “உங்கள யாருங்க குலுக்கச் சொன்னது?” என்றார். அக்காவுக்குத்தான் அன்றைக்கு அழுகை வந்தது.

சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவரே நாலு பேரிடம் விற்பனைக்குச் சொல்லிவைத்தார். அடுத்த வாரமே கடலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். கழுத்தில் தடியான சங்கிலி, கையில் இரண்டு போன். வண்டியைச் சுற்றி வந்தார், உட்கார்ந்து பார்த்தார், பானட்டைத் தட்டிப் பார்த்தார். பிடித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கழுத்துவரை தூண் ஓரமாக நின்றார். மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டில் அப்பா நிற்பாரே, அந்த நிற்றல். நானும் எதிர்வீட்டிலிருந்து வந்து நின்றுகொண்டிருந்தேன்.

“மைலேஜு எவ்ளோ குடுக்கும்?” என்றார் கடலூர்க்காரர்.

“நாலுங்க” என்றார் மேரி அக்கா.

நான் திடுக்கிட்டேன். கடலூர்க்காரரும்தான். “நாலா? ஹைவேயிலயா?”

“ஹைவேயிலதாங்க நாலு. ஊருக்குள்ள மூணு.”

கழுத்துவரையின் வாய் திறந்தது. ஒரு சொட்டு குறைவதைப் பொறுக்காத மனிதர், தன் வண்டியைத் தானே குலுக்கித் தோற்றவர். ஒன்பது புள்ளி நாலு ஐந்து என்று தசம சுத்தமாகச் சொல்லப்போகிறார், வண்டி கடலூருக்குப் போகப்போகிறது என்றே நினைத்தேன். அவர் கடலூர்க்காரரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு மேரி அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலம் ஏறினா அதுகூட வராதுங்க” என்றார்.

கடலூர்க்காரர் இரண்டு போனையும் பையில் போட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் வண்டியைக் கேட்டு வரவில்லை. கடலூர்வரைக்கும் சேதி போயிருக்கும்.

ஆயுசிலேயே முதல்முறையாகத் தப்பான அளவு சொன்னதில் அவர் காது இரண்டும் சிவந்துகிடந்தன. மேரி அக்கா பக்கத்தில் போய் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, எங்களுக்கு டீ போட உள்ளே போனார். எத்தனையோ ஊரில், எத்தனையோ தெருவில் குடியிருந்துவிட்டேன். அந்த இரண்டு பேருக்கு எதிர்வீட்டில் இருந்தது என் அதிர்ஷ்டம்.