விளக்கு எரியும் மதர்போர்டுதான் வேண்டும்!

கடையில் நான் கைகாட்டிய பொருளை என் கணவர் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. இருபத்தாறு வருஷம். நான் சிவப்புக் குடையைக் காட்டினால் அவர் பக்கத்தில் இருக்கும் கறுப்பை எடுப்பார். உயரமான ஃப்ரிட்ஜ் கேட்டேன், குட்டையானது வந்தது. குனிந்து குனிந்து என் முதுகு வில்லாகிவிட்டது. முதலில் அழுதேன். பிறகு திட்டினேன். அப்புறம்தான் இது வியாதி அல்ல, வசதி என்று புரிந்தது.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவர் அலுவலகத்தில் சொன்ன அன்று மனிதர் சபதம் எடுத்தார்.

"கம்ப்யூட்டரை ரெடிமேடா வாங்கப் போறதில்ல. பாகம் பாகமா வாங்கி நானே பூட்டப் போறேன். சிக்கனமா."

"போன மாசம் குழாய்க்கு வாஷர் போட்டீங்களே, அதே கையாலயா?"

"அது தண்ணி. இது கரண்ட்டு."

"அதான் பயமா இருக்கு."

இரண்டு வாரம் வீட்டில் மதர்போர்டு தவிர வேறு பேச்சில்லை. மற்ற பாகமெல்லாம் ஏறி உட்காரும் பலகையாம் அது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவர் இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் இரண்டு தேறின. ஒன்று பெரிசு; கலர் கலராய் விளக்கு எரியும். இன்னொன்று சின்னது, விளக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அவர் மனசு விளக்கில் இருந்தது.

எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன், அவர் இதைச் சொல்லும்வரை:

"அந்தப் பழைய கீபோர்டையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாம். அதோட பின்னு உருண்டை. பெரிய போர்டுல அதுக்கு ஓட்டையே இல்ல."

அந்தக் கீபோர்டையா!

அது கல்யாணமான மறுவருஷம் வாங்கியது. வேலை போய் வீட்டில் இருந்தார். ஒரே நாற்காலி, ஆளுக்குப் பாதி. அவர் சொல்லச் சொல்ல நான் விண்ணப்பம் அடிப்பேன். "ஐ ஆம் ஹேவிங் ஃபோர் இயர்ஸ்..." என்று ஆரம்பிப்பார். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கேட்டிருந்தால் மனிதரை முட்டி போட வைத்திருப்பார். "ஹேவிங் இல்ல, ஹேவ்!" என்று நான் கத்த, அவர் சிரிக்க, நாற்காலி ஆட, நாற்பத்தோராவது விண்ணப்பத்துக்கு வேலை வந்தது. இன்றைக்கும் அதே வேலைதான். ஸ்பேஸ் பார் ஓரத்தில், பல் முளைத்த வயதில் மகள் கடித்த தடம் அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தும் ஜாதி இல்லை நான். அவர் குளிக்கப் போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் அச்செடுத்து வைத்த படங்களைப் பார்த்தேன். சின்ன போர்டின் பின்பக்கத்தில், ஓரமாய், ஒரு உருண்டை ஓட்டை.

மறுநாள் நானும் கடைக்குக் கிளம்பினேன்.

"என்னங்க, எனக்கு அந்த விளக்கு எரியறதுதான் வேணும்."

விளக்குப் போர்டை எடுக்க நீண்ட அவர் கை பாதி வழியில் நின்றது. "எதுக்கு?"

"அழகா இருக்கே! ஹாலுக்கே களை வந்துடும்."

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "மேடம் சரியாச் சொன்னாங்க சார். அதுல நாலு மெமரி போடலாம்."

"நாலு எதுக்குய்யா? நான் கணக்கு ஃபைல் திறக்கப் போறேனா, ராக்கெட் விடப் போறேனா?" அவருக்குச் சுருதி ஏறியது. "மூடின பெட்டிக்குள்ள விளக்கு எரிஞ்சா யாரு பாக்கிறது? கரப்பான் பூச்சியா?"

"எனக்காக வாங்கக் கூடாதா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. சின்னதைப் போடுங்க."

வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வாய்க்குள் சிரிப்பு முட்டியது.

போர்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருகாணியெல்லாம் முறுக்கி முடித்த பிறகுதான், முதலில் மாட்ட வேண்டிய பின்பக்கத் தகடு மேஜைமேல் கிடந்து அவரையே பார்த்தது. கழற்றினார். மறுபடி பூட்டினார். ஒருவழியாகத் திரையில் எழுத்து வந்தது. துள்ளினார். அப்புறம் தலையில் கை வைத்தார்.

"கீபோர்டு வாங்க மறந்துட்டேனே!"

துடைத்துத் துண்டில் சுற்றித் தயாராய் வைத்திருந்ததை நீட்டினேன்.

"இது சேராதும்மா."

"பின்னால பாருங்க."

பார்த்தார். செருகினார். சேர்ந்தது. கட்டைவிரலால் அந்தப் பல் தடத்தைத் தடவினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எது உருண்டை, எது சதுரம்னு கான்வென்ட்ல சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப அந்தக் கலர் விளக்கு?"

"அய்யே, அது யாருக்கு வேணும்? கண்ணு கூசும்."

ஜெயித்த மப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"நீ அடி. மேனேஜருக்கு ஒரு மெயில். ஐ ஆம் ஹேவிங் நியூ கம்ப்யூட்டர்..."

"ஹேவ்!"

போன வாரம் ஹாலுக்குத் திரைச்சீலை வாங்கப் போனோம். எனக்கு நீலம் வேண்டும். ஆகவே பச்சையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இதுதான் வேணும்" என்றேன்.

அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். பச்சையே போடுங்க!"