வட்டமாக உட்காரும் வைத்தியம்

மனிதன் செய்த எந்தப் பொருளும் தன் கைக்கு அடங்கியே தீரும் என்பது மெக்கானிக்கின் அசைக்க முடியாத முடிவு. ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ, தான் மூடியைக் கழற்றியதுமே பாதி குணமாகிவிடும் என்பார். பதினைந்து வயது மகளுக்கு மூடி இல்லாததுதான் சிக்கல். கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை உடைப்பாள். அப்பா திட்டிக்கொண்டே ஒட்டுவார். ஒட்டியதை மறுபடி உடைப்பாள். கடைசியில் குளியலறைக் கண்ணாடியைக் குத்தி, கையில் தையல் போடும் அளவுக்குப் போனதும், மனைவி அவளை ஒரு சிகிச்சை மையத்தில் சேர்த்துவிட்டாள். காலையில் போய் மாலையில் வர வேண்டும். முதல் மாதம் பெற்றவர்கள் உள்ளே நுழையக் கூடாது.

முதல் நாள் மாலையே மெக்கானிக் விசாரணையைத் தொடங்கினார்.

"என்ன பண்ணாங்க?"

"வட்டமா உட்கார்ந்தோம்."

"அப்புறம்?"

"எழுந்துட்டோம்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "வட்டமா உட்கார்றது ஒரு வைத்தியமா? சதுரமா உட்கார்ந்தா நோய் முத்திடுமோ?"

"என்னங்க, ஒரு மாசம் வாயை மூடிட்டு இருங்க. அங்க போய் வம்பு பண்ணீங்கன்னா இவளை வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் இவளைச் சேர்த்துக்க வேற இடமே கிடையாது."

வாய் மூடிக்கொண்டது. கால் கேட்கவில்லை. மறுநாளே கருவிப் பையோடு மையத்து வாசலில் நின்றார்.

காவலாளி பையைப் பார்த்துவிட்டு, "தண்ணி மெஷின் பாக்க வந்தீங்களா?" என்றார்.

"பின்னே?" என்று மெக்கானிக் உள்ளே போய்விட்டார்.

தாழ்வாரத்தில் இருந்த மெஷின், அவர் தொட்டதுமே சரியாகித் தொலைத்தது. பிள்ளைகள் வட்டமாக உட்காரும் அறையோ சாத்தியே கிடந்தது. நாளைக்கு எந்தச் சாக்கில் வருவது? தொழிலில் முதல்முறையாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நல்ல ஒயர் ஒன்றை உருவிவிட்டார்.

மறுநாள் காவலாளி, "மெஷின் ஜம்முனு ஓடுது சார், என்ன கைராசி!" என்றார்.

"இருக்காதே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டவர், "இல்ல, ரெண்டாம் தடவையும் பாத்தாத்தான் சர்வீஸ்" என்று சமாளித்தார்.

உருவிய ஒயர் இடத்தில் இருந்தது, அழகாக டேப் சுற்றி. ஃபியூஸைப் பிடுங்கினார். அடுத்த நாள் புது ஃபியூஸ் இருந்தது. மோட்டாரில் கை வைத்தார். அதுவும் மறுநாள் சுற்றியது.

எவன்டா இந்தப் போட்டி மெக்கானிக்? அவருக்குச் சோறு இறங்கவில்லை. வந்த வேலை மறந்தே போயிற்று. ஒருநாள் வட்ட அறை திறந்தே கிடந்தும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"கவனிச்சீங்களா? ஒரு வாரமா வீட்ல ஒண்ணுமே உடையலை" என்றாள் மனைவி.

"சும்மா இரு, நானே வேற கவலையில இருக்கேன்!"

அடுத்த நாளும் மெஷின் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் பொறுமை அறுந்தது. குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி இழுத்தார். தண்ணீர் பீறிட்டு அடித்தது.

"யாரது அங்க?" காவலாளியின் குரல்.

மாட்டினால் மகளை மையத்திலிருந்தே அனுப்பிவிடுவார்கள். கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் பாய்ந்தார்.

உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மா, சொட்டச் சொட்ட நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

மெக்கானிக் வட்டத்தில் உட்கார்ந்தார்.

முதுகில் ஏதோ இடித்தது. நாற்காலியில் மாட்டியிருந்த பை. அவர் மகளுடைய பை. ஓடிப்போய்விட்டாளா?

பக்கத்துச் சிறுமியிடம் குனிந்து, "இந்தப் பைக்கார அக்கா எங்கம்மா?" என்றார்.

"இன்னைக்கும் தேவைப்படும்னு ஸ்பேனர் எடுக்கப் போயிருக்கு அங்கிள். தினம் யாரோ வந்து தண்ணி மெஷினை உடைச்சிட்டுப் போறாங்க, அக்காதான் சரி பண்ணும். ஆனா அவங்களைத் திட்டக் கூடாதாம், உள்ளுக்குள்ள ஏதோ பெரிய கஷ்டம் இருக்கும் பாவம்னு அக்கா சொல்லும்."