மூன்று ஃப்ரேம்வொர்க்கும் ஒரு பல் கிளினிக்கும்

"என்னங்க, திங்கட்கிழமை கிளினிக் திறக்கறேன். பேஷன்ட் நேரம் பதிவு பண்ற வெப்சைட் என்ன ஆச்சு?"

மனைவி பல் டாக்டர். இருந்த வேலையை உதறிவிட்டுத் தனியாகக் கிளினிக் போடுகிறாள். கணவர் பதினைந்து வருஷ சாஃப்ட்வேர்காரர். "வீட்டிலேயே ஆள் இருக்க, வெளியே எதுக்குக் கொடுக்கணும்?" என்று மார்தட்டியவர் அவர்தான்.

"முடிஞ்ச மாதிரிதான். எந்த ஃப்ரேம்வொர்க்னு மட்டும் முடிவு பண்ணணும்."

"அப்படின்னா?"

"வெப்சைட் கட்டறதுக்கு ரெடிமேட் சட்டம். ரியாக்ட், வ்யூ, ஆங்குலர்னு மூணு இருக்கு."

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க!"

பொய்யில்லை. முதல் வாரம் ரியாக்டில் பாதி கட்டினார். அடுத்த வாரம் ஏதோ கட்டுரையைப் படித்து, அதை அழித்துவிட்டு வ்யூவில் ஆரம்பித்தார். மூன்றாம் வாரம் யாரோ ஆங்குலர் என்று காதைக் கடித்தார்கள். இத்தனைக்கும் கல்யாணத்துக்குச் சரி சொல்ல மனிதருக்குப் பத்தே நிமிஷம்தான் ஆயிற்று.

ஆபீசில் இரண்டு பேரிடம் யோசனை கேட்டார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

சரி, ஓட்டுக்கு விடுவோம் என்று அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் தயார் செய்தார். அவசரத்துக்கு எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல் வெறுங்கையால் முழம் போட்டார். பெயரை எழுதி, பிடித்ததைத் தொட்டால் போதும். ஆபீசுக்கெல்லாம் லிங்க் அனுப்பினார், மனைவிக்கும் அனுப்பினார். 'விடுபட்டதைச் சேர்க்கலாம்' என்று ஒரு பெட்டி வைத்ததுதான் வினை. சாயங்காலத்துக்குள் மூன்று பதினொன்றாயிற்று. அதற்குமேல் அந்தப் பக்கத்தைத் திறக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குப் போய் மனைவி முன் தலைகுனிந்து நின்றார்.

"மன்னிச்சுடும்மா. இன்னும் முடிவாகல. நாளைக்கு ஒரு ஆள்கூட வரமாட்டாங்க, எல்லாம் என்னாலதான்."

பாவம், அவள்மேல் அவருக்கு உயிர்.

"என்ன முடிவாகல? நீங்க அனுப்பின லிங்கை அன்னிக்கே ரிசப்ஷன்ல கொடுத்துட்டேனே!" என்றாள் மனைவி.

ரிசப்ஷன் அக்கா நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அந்தப் பெட்டியில ஒன்பது, ஒன்பதரைன்னு நேரத்தையெல்லாம் நான் சேர்த்துட்டேன் சார், நாளைக்கு ஃபுல். ஆனா ரியாக்ட்ல ஏழு பேர் பதிவு பண்ணியிருக்காங்களே, அது எத்தனை மணி?"