கிழிப்பு சேரும் பாதியில் நின்ற பதிவும்

ஹட்டனிலிருந்து வட்டவளை வரை மேயும் ஆடுகள் எல்லாம் சேர்ந்தும் கிழிப்பு சேர் அளவுக்குக் கடதாசியை நாசமாக்கியிருக்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு உயிரியல் படிப்பித்த ஆசிரியர்; 'கிழிப்பு' நாங்கள் வைத்த பட்டப்பெயர். விடைத்தாளை வாசித்துக்கொண்டே வருவார். முதல் பிழை கண்ணில் பட்டதும் சர்ரென்று கிழிப்பார். மீதிப் பதினொரு பக்கத்தை எழுதிய என் கை வலி யாருக்குத் தெரியும்? நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்டால் விஞ்ஞானம் பேசுவார்.

"ஒடம்புல ஒவ்வொரு கலமும் இதத்தான்டா செய்யுது. டீ.என்.ஏ.ங்கிற அசல்ல இருந்து நகல் எடுத்து அனுப்புது. அதுதான் தூது ஆர்.என்.ஏ. அத வாசிச்சுத்தான் புரதம் செய்யணும். 'நிப்பாட்டு'ங்கிற குறி கடைசியில வரணும். நடுவுல வந்துட்டா அரகொறப் புரதம், ஒடம்புக்குக் கெடுதி. அதனால அந்த நகலையே கலம் கண்டுபிடிச்சு அழிச்சிருது!"

என்னவோ அந்தக் கலத்துக்கே இவர்தான் படிப்பித்தது மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

விடைத்தாளோடு விட்டாரா? தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களையும் அவர்தான் சரிபார்ப்பார். அப்பாவுடையதை மூன்று தடவை கிழித்தார். அது சரிவராவிட்டால் இங்கேயே பிறந்த மனிதரைப் பாட்டன் வந்த தேசத்துக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று அம்மா அழுதுகொண்டிருந்தார். இவர் கிழித்துக்கொண்டிருந்தார்!

மூன்றாவது தடவை, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே நான் வெடித்தேன்.

"சேர், பூண்டுலோயாவுல அப்பா பொறந்தப்ப எழுதுன பதிவே பாதியில நிக்குது. தாய் தகப்பன் பேரே எழுதல. அசலே அப்புடின்னா எத்தன நகல் எடுத்தாலும் அப்புடித்தானே வரும்? நீங்க கிழிச்சிக்கிட்டே இருப்பீங்களா?"

மனிதர் கிழித்த துண்டுகளை மேசையில் வைத்தார்.

"கலத்துலயும் அப்புடி உண்டுடா," என்றார் மெதுவாக. "அசல்லயே பிழைன்னா எல்லா நகலையும் அழிச்சிரும். ரத்தத்துக்கு வேண்டிய புரதம் இல்லாமலே வளர்ற புள்ளைங்க இருக்கு. கலத்துக்கு அசலத் திருத்தத் தெரியாது." அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "நம்ம திருத்துவோம்ண்ணே. நாளைக்கு நான் லீவு."

இரண்டு மாதம் அலைந்தார். அப்பாவின் பிரசவம் பார்த்த கிழவியைத் தேடிப்பிடித்து பஸ்ஸில் சாட்சிக்கு அழைத்துவந்தார். கிழவிக்கு வழியெல்லாம் சேர் சட்டையிலேயே வாந்தி. பதிவாளர் கந்தோரில் சிங்களத்தில் அவர் போட்ட சத்தத்துக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் பிறப்புப் பதிவின் காலியிடம் நிரம்பியது.

நாலாவது விண்ணப்பத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்தார். அம்மா சாமிப் படத்தையும் அவர் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதக் கிழிக்க மாட்டீங்களே, சேர்?" என்றார் அப்பா.

"கையெழுத்தப் போடுங்கண்ணே."

பிரஜாவுரிமை கிடைத்து, அப்பா கடைசிவரை இந்த மலையிலேயே இருந்தார். நான்தான் முட்டாள்தனமாக விடைத்தாள் கிழித்த கோபத்தை வைத்துக்கொண்டு, அந்த மனிதரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமலே இருந்துவிட்டேன்.