கந்தமோகினி என்ற சேனைப்பூ

ஒருவர் மேல் ஆசை வந்தால் பூக் கொடுப்பது உலக வழக்கம். நானும் கொடுக்கப் பார்த்திருக்கிறேன், ஆயுளில் ஒரே ஒரு தடவை. அந்தப் பூ வீட்டுக்குள் வந்த அன்று, வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு செத்த பெருச்சாளியைத் தேடினார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். (தாவரவியல் என்பதைக் கவனிக்கவும். படிக்காதவள் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.) அந்த மே மாதம், கரமனையில் இருந்த அத்தையின் பிள்ளை ரகு அத்தான் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே மேல்படிப்பு. பெட்டியில் சாக்லேட்டுக்கும் ஷாம்புவுக்கும் நடுவில் ஒரு விளையாட்டையும் வைத்துக் கொண்டுவந்தார்.

அதற்குப் பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, வழியில் வருகிற பூதங்களோடு மோத வேண்டும். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். ஒரு பகடைக்கு இருபது முகம். அப்பா அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது ஜோசியத்துக்காக்கும்?" என்று கேட்டார்.

எங்கள் மாடி அறையில்தான் ஆட்டம். என் தம்பி கணேசனும் அவனுடைய கல்லூரிக் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஆட, நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்குவதாக ஏற்பாடு. முதல் நாளே அத்தான், "ராஜியும் ஆடட்டுமே" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் பட்டினி கிடந்திருப்பேன். கதையில் மற்றவர்கள் புதையல் தேடினார்கள், நான் கதை சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தால் எதிரே நிற்பது யார் என்றே தெரியாமல் கத்தியை வீசுவேன். மூன்று முறை தம்பியை வெட்டியிருக்கிறேன். மாதம் முடிந்தால் அவர் விமானம் ஏறிவிடுவார். அதற்குள் ஒரு தடவையாவது என்னை, மாமா பெண் என்று இல்லாமல் நானாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு நாள் அவர் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். "ஞாயித்துக்கெழமைக்கு ஆளுக்கொரு பூதம் பண்ணிண்டு வாங்கோ. பேரு, பலம், பலவீனம் எல்லாம் நீங்களே தீர்மானிக்கணும். எது நன்னா இருக்கோ அதை அங்கே கொண்டுபோய் என் சிநேகிதாளோட ஆடுவேன்."

எனக்குத் தூக்கம் போயிற்று. நான் போக முடியாவிட்டாலும் என் பூதமாவது அமெரிக்கா போகட்டும். பையன்கள் பத்துத் தலை, இருபது கை என்று அடுக்கினார்கள். நான் செடியில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை அத்தான் வந்தபோது கொல்லைப்புறத்தில் வைத்தே சொல்லிவிட்டேன்.

"செடி அத்தான். கந்தமோகினின்னு பேரு. நின்ன எடத்துலயே நிக்கும். மணத்தாலயே ஆளை இழுக்கும். தொட்டா ஒடம்பெல்லாம் எரியும்."

"நகராதா?"

"நகராது."

"பின்னே சுத்திப் போயிடலாமே. யாராவது எதுக்குக் கிட்டப் போகணும்?"

"போகாம இருக்க முடியாது. வருவான்னுதானே அது அங்கயே நின்னுண்டிருக்கு."

அவர் மருதாணிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டே, "கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு. ஆனா பயம் வரலை, கேட்டியோ. செடிதானே" என்றார்.

செடிதானே என்ற அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. கொல்லையில் போன வருஷம் தோண்டாமல் விட்ட சேனை ஒன்று பூக்கத் தயாராக இருந்தது. சேனைப்பூவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கருஞ்சிவப்பில் மடிப்பு மடிப்பாக ஒரு பாவாடை, அதன் நடுவில் மூளை மாதிரி ஓர் உருண்டை. விரிந்த அன்று பிண நாற்றம் நாறும். ஈக்கள் அதற்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்தேன், விரிந்திருந்தது. கடவுளே எனக்காகத் திறந்து வைத்ததாக நினைத்து, கிழங்கோடு தோண்டி வாளியில் வைத்து, யாரும் பார்க்காமல் மாடிக்குக் கொண்டுபோய் மேஜைக்கு அடியில் கூடையால் மூடினேன். என் பூதத்தின் முறை வரும்போது கூடையைத் தூக்குவதாகத் திட்டம். ஆச்சரியம் கெடக் கூடாதென்று ஜன்னல்களையும் சாத்தினேன்.

எல்லாம் வெறும் கையால் செய்தேன். சேனைச் சாற்றில் ஊசி ஊசியாகப் படிகங்கள் இருக்கும், தோலில் குத்தினால் அரிக்கும் என்று பரீட்சையில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

மே மாத வெயிலில் சாத்திய அறை. மத்தியானத்துக்குள் நாற்றம் மாடிப்படி இறங்கிக் கூடத்துக்கு வந்து, சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்கும் போயிற்று. அப்பா கையில் தடியோடு உத்தரத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அத்தை தட்டில் பூவும் பழமும் வெற்றிலையுமாக வாசலில் வந்து நின்றாள். பின்னால் ரகு அத்தான்.

எங்கள் அத்தை காக்கை எந்தப் பக்கம் பறந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மன்னி, என்ன நாத்தம் இது?"

"மச்சுல பெருச்சாளி செத்துக் கெடக்கு போலருக்கு" என்றாள் அம்மா. "நீ உள்ளே வா. ராஜி, அத்தைக்குக் காப்பி கொண்டா."

நான் காப்பியோடு வந்தேன். இரண்டு கையிலும் தீப்பிடித்த மாதிரி அரிப்பு. முகத்தைத் துடைத்தபோது கழுத்துக்கும் கன்னத்துக்கும் பரவியிருந்தது. ஒரு கையால் டம்ளரை நீட்டி, மறு கையால் சொறிந்தேன். நாலைந்து ஈ கூடவே வந்தன.

"ஒடம்புக்கு என்னடி?" என்றாள் அத்தை, டம்ளரை வாங்காமல்.

"ஒண்ணுமில்லை அத்தை" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொறிந்தேன்.

அப்போதே பூவென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தான் அங்கேதான் நிற்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம். சொல்லிவிட்டால் கூடையைத் தூக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிற அந்த நிமிஷம் எனக்கு இல்லாமல் போய்விடும். அதனால் பொறுப்பாகச் சொறிந்துகொண்டு நின்றேன்.

அத்தை தட்டைக் கீழே வைக்கவேயில்லை. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல செத்த நாத்தம். வேண்டாம் அண்ணா, இன்னொரு நாள் வரேன்" என்று திரும்பி நடந்தாள். ஏதோ நிலம் வாங்குகிற விஷயம் என்று நினைத்தேன்.

அத்தான் மட்டும் ஆட்டத்துக்காகத் தங்கினார். அதற்குள் அப்பா மாடி ஏறிக் கூடையைத் தூக்கிவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம். அத்தான் பூவைப் பார்த்ததும் ஓரடி பின்னால் குதித்து, அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் ஆசைப்பட்ட நிமிஷம் வந்துவிட்டது, ஆனால் அவர் பார்த்தது பூவைத்தான். கணேசன் வாளியோடு அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓட, மற்றவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள்.

அம்மா என்னைக் கிணற்றடியில் உட்கார்த்தி, கையில் புளியைக் கரைத்துத் தேய்த்தாள். பிறகு, "அவ ஒன்னைக் கேக்கத்தான்டி வந்தா" என்றாள்.

எனக்கு அரிப்பு நின்றுபோயிற்று. "போய்க் கூப்பிடும்மா. ஒண்ணும் சாகலையே. வெறும் பூதானே."

"நாம சொல்லலாம். சகுனம் கெட்ட காரியத்தை அவ திரும்ப எடுப்பாளோ? உன் அத்தையை உனக்குத் தெரியாதா?"

அத்தை திரும்ப எடுக்கவில்லை. அத்தான் விமானம் ஏறினார். அடுத்த வருஷம் அவருக்கு மதராஸில் கல்யாணம். நான்தான் பந்தியில் பாயசம் பரிமாறினேன்.

பிறகு நாகர்கோவில்காரரைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறேன். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்ததில், இன்றும் சேனை எரிசேரி வைத்தால் அவர், "எனக்கு வழி விட்ட புண்ணியவதி" என்று கிழங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். என் பெண்ணும் சேர்ந்து கும்பிடுவாள்.

போன வருஷம் ரகு அத்தான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தலை முழுக்க நரை. பேச்சு எப்படியோ பழைய ஆட்டத்துக்குப் போயிற்று.

"அந்தச் செடி பூதத்தை நான் அங்கே எத்தனை வருஷம் ஆடினேன் தெரியுமோ? நகராது, ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒருத்தராலயும் அதைத் தாண்டிப் போக முடியலை. கணேசனுக்கு என்ன மூளை, அந்த வயசுல."

என் கணவர் கை பாதியில் நின்றது. பெண் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன், மூடிக்கொண்டாள்.

"ஆமாம் அத்தான்" என்றேன். "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணேசனுக்குப் பெயர் மோகினி மாமா. போனில் அவன் பெயர் வந்தாலே வீடு சிரிக்கிறது, அவனுக்குக் காரணம் தெரியாது. எல்லோரோடும் நானும்தான் சிரிக்கிறேன். ஆனாலும், ஒரு தடவை ராஜி என்று சொல்லியிருக்கலாம் அத்தான்.